கழனியில் செந்நிறப் படலம்: இரும்பை மூச்சாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள்

சம்பா நடவு முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஏரி மதகுக்குக் கீழே உள்ள பள்ளக் கழனியில், வரப்போரம் தேங்கிய தண்ணீரின் மேல் எண்ணெய் ஊற்றியது போல ஒரு படலம் மின்னும். கரையிலிருந்து கசிவு வந்து விழும் இடத்தில் செங்கல்லைக் கரைத்து விட்டது போல் செந்நிறச் சகதி படிந்திருக்கும். பயிரோ பச்சை கட்டாமல், மஞ்சள் தட்டி நிற்கும்.

இதைக் கண்ட விவசாயிக்கு மனம் பதறுகிறது. பக்கத்துக் கழனிக்காரர் யூரியா போடச் சொல்கிறார். மருந்துக் கடையில் கேட்டால் ஒரு புட்டி மருந்தைக் கொடுக்கிறார்கள். வேறொருவர், பம்புசெட்டிலிருந்து டீசல் கசிந்து தண்ணீரில் கலந்துவிட்டது என்கிறார். மூன்று பேர் சொன்னதையும் செய்து பார்த்துப் பணம் செலவழித்த பிறகும் பயிர் தேறாமல் போவதுண்டு. காரணம், நோய் இலையில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சேற்றின் அடியில் இருக்கிறது. அந்தச் சேற்றில் நடப்பது என்ன என்பதை அறிந்துகொண்டால், வீண் செலவைத் தவிர்க்கலாம், விளைச்சலையும் காப்பாற்றலாம்.

எண்ணெயா, இரும்பா?

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு குச்சியை எடுத்து அந்தப் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். அது டீசலாக இருந்தால், கலைந்த படலம் வழுக்கிக்கொண்டு மீண்டும் ஒன்று சேர்ந்துவிடும். இரும்புப் படலமாக இருந்தால், மெல்லிய கண்ணாடி உடைவது போலத் துண்டு துண்டாகப் பிரியும். பிரிந்த துண்டுகள் ஒட்டுவதில்லை.

கிணற்று நீரிலும் இதைக் காணலாம். சில ஆழ்துளைக் கிணறுகளில் இறைக்கும்போது தெளிவாக வரும் தண்ணீர், வாய்க்காலில் சிறிது தூரம் ஓடியதும் செந்நிறமாக மாறுகிறது. தொட்டியிலும் செங்கறை பிடிக்கிறது. பூமிக்கு அடியில் கரைந்த நிலையில் இருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாக மாறுவதே இதற்குக் காரணம். இந்த மாற்றத்தை விரைவுபடுத்தி, அதிலேயே பிழைப்பு நடத்தும் பாக்டீரியாக்களும் உண்டு. இதை ருஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி 1888-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

ஆக, செந்நிறப் படலம் தானே ஒரு நோய் அன்று. அடியில் இரும்பு கரைந்து கிடக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். அப்படியானால் அந்த இரும்பைக் கரைத்தது யார்?

சேற்றுக்குள் மூச்சு

நாம் சோறு உண்கிறோம், பிராணவாயுவைச் சுவாசிக்கிறோம். உண்ட உணவை எரித்துச் சக்தியாக்கப் பிராணவாயு வேண்டும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கும் இதே தேவை உண்டு. தாளடி, வேர், தொழு உரம், தழை ஆகியவை அவற்றின் உணவு. மண் காய்ந்திருக்கும்போது காற்று தாராளமாக உட்புகுவதால் அவற்றிற்கு மூச்சுத் திணறல் இல்லை.

சேடை ஓட்டித் தண்ணீர் கட்டியதும் நிலைமை மாறுகிறது. தண்ணீருக்குள் பிராணவாயு ஊடுருவிச் செல்லும் வேகம், காற்றில் செல்வதைவிடப் பதினாயிரம் மடங்கு குறைவு. மண்ணுக்குள் இருந்த பிராணவாயுவை நுண்ணுயிர்கள் ஏறக்குறைய ஒரே நாளில் தீர்த்துவிடுகின்றன. மேலே ஒரு விரல் கனத்துக்கும் குறைவான மண்ணில் மட்டுமே காற்று இருக்கும். அதற்குக் கீழே காற்றில்லாச் சேறுதான்.

பிராணவாயு தீர்ந்தால் எல்லா உயிரும் மடிந்துவிடுவதில்லை. சில நுண்ணுயிர்கள் அதற்குப் பதிலாக வேறு பொருள்களைக் கொண்டு உணவை எரிக்கின்றன. இதில் ஒரு வரிசை உண்டு. முதலில் நைட்ரேட் செலவாகிறது. அடுத்து மாங்கனீசு. அதன் பின் இரும்புத் துரு. துருவும் தீர்ந்தால் கந்தகச் சத்தாகிய சல்பேட். எல்லாவற்றுக்கும் கடைசியில், கரியமிலவாயு முதலியவற்றிலிருந்து மீத்தேன் வாயு உண்டாகிறது. சேற்றில் கால் வைத்ததும் குபுகுபுவென்று கிளம்பும் குமிழிகளில் இருப்பது பெரும்பாலும் இந்த மீத்தேன்தான்.

இந்த வரிசையில் நமது செம்மண் கழனிக்கு மிக முக்கியமானது இரும்பு. மண்ணுக்குச் செந்நிறத்தைக் கொடுப்பதே இரும்புத் துருதான். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மேல்மண் ஏறத்தாழ 800 டன் எடை இருக்கும். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு இரும்பு என்று வைத்துக்கொண்டாலே 16 டன் இரும்பு ஆகிறது! காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்கு இது பெரிய களஞ்சியம் அல்லவா?

கல்லை எப்படிச் சுவாசிப்பது?

பிராணவாயு நீரில் கரையும். நுண்ணுயிரின் உடலுக்குள் எளிதில் நுழையும். துரு அப்படியன்று. அது திடப்பொருள். ஆகவே இந்த நுண்ணுயிர்கள் உணவை எரிக்கும்போது வெளிப்படும் மின்அணுக்களை, தம் உடலுக்கு வெளியே கிடக்கும் துருவின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. மின்அணுவைப் பெற்ற துரு, நீரில் கரையும் இரும்பாக மாறுகிறது. துருவில் உள்ளதைப் பெரிக் இரும்பு என்றும், கரைந்ததைப் பெரஸ் இரும்பு என்றும் சொல்வார்கள்.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுவதும் எரிக்க ஆறு பிராணவாயு மூலக்கூறுகள் போதும். அதே வேலைக்கு 24 இரும்பு அணுக்கள் தேவைப்படும். சிறிதளவு தழை மட்கினாலும் மிகுதியான இரும்பு கரைந்து வருவது இதனால்தான்.

அமெரிக்காவில் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து இத்தகைய ஒரு பாக்டீரியாவை டெரெக் லவ்லி என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் பிரித்தெடுத்து, 1987-இல் அதுபற்றி வெளியிட்டார்கள். பின்னர் அதற்கு ஜியோபாக்டர் என்று பெயர் வைத்தார்கள். மயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய இழைகளை நீட்டி, மின்கம்பி போல அது மின்அணுக்களைக் கடத்துகிறது. ஷிவனெல்லா என்ற மற்றொரு பாக்டீரியா, தன் உடலிலிருந்து கசியும் பொருளைத் தூது அனுப்பித் துருவோடு தொடர்பு கொள்கிறது. மட்கிய உரத்தில் உள்ள கருநிற மக்குப் பொருளும் இப்படிச் சுமைகூலியாக வேலை செய்வதுண்டு.

கடலடியும் கழனியும்

இதே வேலை கடலின் அடியிலும் நடக்கிறது. மழைக்காலத்தில் நமது செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு தென்பெண்ணை சாத்தனூர் அணைக்கு வருகிறது. அங்கே படிந்தது போக மீதி வண்டல், கடலூர் அருகே கடலில் சேர்கிறது. ஆறுகள் கொண்டுசேர்த்த துரு, காற்றில்லாக் கடற்சேற்றில் புதைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைச் சுவாசித்துக் கரைக்கின்றன. கரைந்த இரும்பு மேலே வந்து, காற்றுள்ள நீரைத் தொட்டதும் மீண்டும் துருவாகிறது. அதைக் கடற்புழுக்கள் கிளறி அடியில் தள்ளுகின்றன. டென்மார்க் கரையோரக் கடற்சேற்றை ஆராய்ந்தவர்கள், ஓர் இரும்பு அணு நிரந்தரமாகப் புதைவதற்குமுன் இப்படி நூறு தடவைக்கு மேல் சுற்றி வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடலில் புழு செய்யும் வேலையைக் கழனியில் நமது ஏரும், தண்ணீர் வடிப்பும் செய்கின்றன.

ஒரு வேறுபாடு உண்டு. கடல்நீரில் சல்பேட் மிகுதி. எனவே துரு தீர்ந்த இடத்தில் சல்பேட்டைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் கிளம்பி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. இது இரும்போடு சேர்ந்ததும் கறுப்பு நிறப் பொருளாகிறது. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டின் சேறு கன்னங்கரேலென்று இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம். நாளடைவில் இது பைரைட் என்னும் கனிமமாகிறது. இத்தகைய சேற்றைக் காயவிட்டால் ஆபத்து. பைரைட் காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாகிவிடும். கேரளத்தில் குட்டநாட்டின் 'கரி' நிலங்கள் கடும் புளிப்பாய் இருப்பது இவ்வாறுதான்.

நம் மாவட்டத்துக்கும் பழங்கடலுக்கும் உறவு உண்டு. திருவண்ணாமலைக்கு அருகே உள்ள கவுத்திமலை, வேடியப்பன் மலைகளில் காந்த இரும்புத்தாது இருப்பதும், அதை வெட்டியெடுக்கும் திட்டத்தைச் சுற்றுக் கிராம மக்கள் எதிர்த்து நின்றதும் பலருக்குத் தெரியும். உலகெங்கும் உள்ள இவ்வகை வரிவரியான இரும்புப் பாறைகள், பூமியில் பிராணவாயு மிக அரிதாக இருந்த பழங்காலக் கடல்களின் அடியில் படிந்தவை. அந்த இரும்பு படிந்ததிலும் உருமாறியதிலும் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. லவ்லியின் பாக்டீரியா, சோதனைக் குப்பியில் துருவைக் காந்த இரும்பாக மாற்றிக் காட்டியது இதற்கு வலுச் சேர்த்தது.

இரும்பு செய்யும் நன்மை

நெற்கழனிச் சேற்றின் வேதியியலை ஒழுங்காக ஆராய்ந்து எழுதியவர்களில் முதன்மையானவர், இலங்கையில் பிறந்த விஞ்ஞானி பொன்னம்பெரும. பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், 1972-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. தண்ணீர் கட்டுவதால் நெல்லுக்குக் கிடைக்கும் நன்மைகளில் பல, இந்த இரும்பு மாற்றத்தால் வருபவை.

முதலாவது, துருவோடு இறுகிக் கிடக்கும் மணிச்சத்து, துரு கரைந்ததும் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. இரண்டாவது, புளிப்பு நிலங்களில் துரு கரையும்போது மண்ணின் புளிப்புக் குறைந்து, கார அமில நிலை நடுநிலைக்கு அருகில் வருகிறது. மூன்றாவது, துரு இருக்கும்வரை இரும்பு நுண்ணுயிர்களே உணவைப் பெரும்பாலும் பறித்துக்கொள்வதால் மீத்தேன் உண்டாவது மட்டுப்படுகிறது. நான்காவது, வேருக்கு நஞ்சான ஹைட்ரஜன் சல்பைடை இரும்பு பிடித்துக் கட்டிவிடுகிறது.

இந்த நான்காவது நன்மையை ஜப்பானிய விவசாயிகள் அனுபவத்தில் கண்டார்கள். அங்கே இரும்பு கரைந்தோடிப்போன பழைய மணற்பாங்கான வயல்களில், முதலில் செழித்து வளரும் நெல் பின்பருவத்தில் வேர் அழுகிச் சோர்ந்துபோகும். இதற்கு 'அகியோச்சி' என்று பெயர். மலையோரச் செம்மண்ணை வெட்டிக் கொண்டுவந்து வயலில் கொட்டியதும் நிலம் தேறியது. நமக்கு இயற்கையாகவே கிடைத்திருக்கும் செம்மண்ணின் அருமை இதிலிருந்து விளங்கும்.

அளவு மீறினால் நஞ்சு

நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உள்ளன. இவற்றின் வழியாகப் பிராணவாயு வேருக்கு இறங்கி, வெளியிலும் சிறிது கசிகிறது. கரைந்த இரும்பு வேரை நெருங்கும்போது இந்தக் காற்றுப் பட்டுத் துருவாகி, வேரின் மேல் செம்பழுப்புப் பூச்சாகப் படிகிறது. இது ஒரு கவசம். ஆனால் கரைந்த இரும்பு அளவு மீறினால் கவசம் தாங்காது. இரும்பு உள்ளே ஏறி இலைகளைக் கருக்கிவிடும்.

புளிப்பான செம்மண், வடிகால் இல்லாத பள்ளம், மேட்டிலிருந்து கசிவு வந்து சேரும் இடம், மட்காத தழையையும் குப்பையையும் மிகுதியாக இட்ட நிலம், சாம்பல் சத்துக் குறைந்த நிலம் ஆகியவற்றில் இந்தத் தொல்லை மிகுதி. மலையில் தீபம் ஏற்றும் கார்த்திகை மாதத்தில் ஏரிகள் நிரம்பி, கரையடிக் கழனிகளில் கசிவு ஓயாமல் இருக்கும் காலத்தில் விழிப்பாக இருக்க வேண்டும்.

ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள்

பயிர் மஞ்சளித்ததும் மருந்து வாங்கப் புறப்படுமுன், ஒரு குத்தை மண்ணோடு பெயர்த்து, வேரை நீரில் அலசிப் பாருங்கள். இலையையும் வேரையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

அடி இலைகள் ஒரே சீராக வெளிறி, புள்ளி ஏதும் இல்லாமல், வேர் நன்றாக இருந்தால் அது தழைச்சத்துக் குறை. இதற்கு யூரியா பலன் தரும்.

அடி இலைகளின் நுனியில் சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றிக் கீழ்நோக்கிப் பரவி, இலை ஆரஞ்சுப் பழுப்பாக மாறி, வேர் குறைந்து தடித்து அடர் பழுப்புப் பூச்சுடன் இருந்தால் அது இரும்பு நஞ்சு. இதற்கு யூரியா மருந்தாகாது.

நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் இளம் இலைகளின் அடிப்பாகத்தில் நடு நரம்பு வெளுத்து, கீழ் இலைகளில் துருப்பிடித்தது போன்ற திட்டுகள் கண்டு, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றால் அது துத்தநாகக் குறை. பந்த்நகரில் 1966-இல் ஒய். எல். நேனே என்ற விஞ்ஞானி, 'கைரா' என்று விவசாயிகள் அழைத்த நெல் நோய்க்குக் காரணம் இந்தக் குறையே என்று கண்டுபிடித்தார். தொடர்ந்து தண்ணீர் நிற்கும் நிலத்தில் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது குறைந்துவிடும்.

வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அது சல்பைடு நஞ்சு. துருக் களஞ்சியம் தீர்ந்து, அடுத்த கட்டத்துக்குச் சேறு போய்விட்டது என்று பொருள்.

செய்ய வேண்டியவை

இரும்பு நஞ்சுக்கும் சல்பைடு நஞ்சுக்கும் முதல் மருந்து, காசு செலவில்லாத வடிகால்தான். கழனித் தண்ணீரை வடித்து, மயிரிழை போன்ற வெடிப்புக் காணும்வரை காயவிட வேண்டும். காற்று உட்புகுந்ததும் கரைந்த இரும்பு மீண்டும் துருவாகிறது, களஞ்சியம் நிரம்புகிறது, புதிய வெள்ளை வேர்கள் ஓடுகின்றன. இரும்பு நஞ்சு வழக்கமாகத் தோன்றும் நிலங்களில், நட்ட 25 முதல் 30 நாட்களில் இப்படி ஒரு முறை வடிப்பது நல்லது. கதிர் உருவாகும்போதும் பூக்கும்போதும் காயவிடக் கூடாது.

யூரியா இட்ட கையோடு தண்ணீரை வடித்தால் உரமும் உடன் போய்விடும். காயவிட்டு முடித்து, மறுதண்ணீர் கட்டும் சமயத்தில் மேலுரம் இடவேண்டும்.

ஏரிக்கரைக் கசிவு வந்து விழும் கழனிகளில், மேட்டுப்பக்க வரப்பை ஒட்டி ஒரு சிறு வடிகால் வாய்க்கால் வெட்டிக் கசிவை ஒதுக்கிவிட வேண்டும். பக்கத்துக் கழனிக்காரர்களும் சேர்ந்து செய்தால் எல்லோருக்கும் பலன் உண்டு.

தக்கைப்பூண்டு, கொளிஞ்சி முதலிய பசுந்தாளை மடக்கி உழுத பிறகு, குறைந்தது 7 முதல் 10 நாட்கள் மட்கவிட்டு நடவேண்டும். தழை பச்சையாக அழுகும் நாட்களில்தான் நுண்ணுயிர்களுக்குப் பெருவிருந்து. அப்போது இரும்பும் வேகமாகக் கரையும். அந்தச் சமயத்தில் நாற்றை நட்டால் இளம் வேர் தாங்காது. பசுந்தாளை நிறுத்திவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. காலம் கொடுத்து இட்டால் அது பொன்.

சாம்பல் சத்தை விட்டுவிடாமல் இடவேண்டும். அது வேருக்கு இரும்பைத் தடுக்கும் வலிமையைக் கொடுக்கிறது. வேர் கறுக்கும் நிலங்களில் அம்மோனியம் சல்பேட்டைத் தவிர்த்து யூரியா இடலாம். புளிப்பு மிகுந்த நிலம் என்று மண் ஆய்வில் தெரிந்தால், அவர்கள் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு இடவேண்டும்.

துத்தநாகக் குறை உள்ள நிலத்தில், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து, நிலத்தைச் சமன்படுத்திய பின் நடவுக்குமுன் தூவ வேண்டும். சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. ஆகியவற்றோடு கலந்து இடக் கூடாது. நட்ட பிறகு குறை தெரிந்தால், 100 லிட்டர் நீரில் அரைக் கிலோ துத்தநாக சல்பேட்டும் ஒரு கிலோ யூரியாவும் கரைத்துத் தெளிக்கலாம். 15 நாள் கழித்தும் குறி மறையாவிட்டால் மறுபடியும் தெளிக்க வேண்டும்.

பம்புசெட் பாசனம் உள்ளவர்கள், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டலாம். ஒரு அடி நீளமுள்ள துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் பாதி அளவு மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்கு அரை அடி கீழே இறங்கியதும், இரண்டு அங்குலம் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்கவேண்டும். தண்ணீரும் மின்சாரமும் மிச்சமாகும். மீத்தேனும் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

மணிலாவுக்கு எதிர்க் கதை

இரும்பு அதிகமாகக் கரைவதால் நெல் வாடுகிறது என்றால், கரையாமல் போவதால் வாடும் பயிரும் உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மேட்டு நிலத்தில் மணிலாவின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் வெளுத்தும் காண்பது இரும்புச் சத்துக் குறையால்தான். மண்ணில் இரும்பு இருந்தும், காற்றுள்ள காய்ச்சல் நிலத்தில் அது துருவாகவே இறுகிக் கிடக்கிறது. இதற்கு 100 லிட்டர் நீரில் ஒரு கிலோ அன்னபேதி உப்பைக் கரைத்து இலைமேல் தெளிக்க வேண்டும். புழுதியில் விட்ட நெல் நாற்றும் சில சமயம் இப்படி வெளுக்கும். தண்ணீர் கட்டியதும் நுண்ணுயிர்கள் துருவைக் கரைத்துக் கொடுக்க, தானே பச்சை கட்டிவிடும்.

ஒரே இரும்பு, ஒரே மண். தண்ணீரை நிறுத்துவதும் வடிப்பதும் விவசாயியின் கையில் இருக்கிறது. மண்வெட்டியால் மடையைத் திறக்கும்போது, சேற்றில் உள்ள கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு எதைச் சுவாசிப்பது என்று அவரே உத்தரவிடுகிறார். அடுத்த முறை செந்நிறப் படலத்தைக் கண்டால் மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம். முதலில் ஒரு குச்சி, பிறகு ஒரு குத்து நெல்லின் வேர். இவ்விரண்டையும் பார்த்தபின், ஐயம் இருந்தால் அந்தக் குத்தையும் ஒரு பிடி மண்ணையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள். கோடையில் நிலம் காய்ந்திருக்கும்போது மண் ஆய்வு செய்துகொண்டால், அடுத்த சம்பாவில் இந்தக் கவலையே வராமல் பார்த்துக்கொள்ளலாம்.